இறங்கி வராத குருவி

புதுச்சேரி நெல்லித்தோப்பில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியலுக்கு முன்பே பாடத் தொடங்கும் குருவி ஒன்று உண்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, முருங்கைக் கிளை, கேபிள் கம்பி, மாதா கோயில் மதில் என்று உயரமாக எது கிடைத்தாலும் அதில் உட்கார்ந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நீளமாகச் சீட்டியடிக்கும். கருப்பும் வெள்ளையுமான குண்டுக்கரிச்சான் அது. இந்தியா, இலங்கை தொடங்கி இந்தோனேசியா வரைக்கும் மனிதர்களின் தோட்டங்களை ஒட்டியே பிழைக்கத் தெரிந்த பறவை. வெயிலோடும் பூனையோடும் பேருந்து ஹாரனோடும் அதற்குச் சண்டை கிடையாது.

குண்டுக்கரிச்சானின் ஈப்பிடிப்பான் குடும்பத்திலேயே பிறந்த இன்னொரு பறவை, நெல்லித்தோப்பிலிருந்து நேர்கோட்டில் மேற்கே முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் நீலகிரியில் இருக்கிறது. அதுவும் நன்றாகப் பாடும். ஆனால் அது மலையை விட்டு இறங்கி வந்ததே இல்லை. அடுத்த மலைக்குக்கூடப் போனதில்லை. உலகத்தில் நீலகிரியிலும் அதற்கு வடக்கே குடகு, பாபாபுதன்கிரி வரையிலான சில மலைத்தலைகளிலும் தவிர வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது. நீலகிரி சோலைக்கிளி என்பது அதன் பெயர். கிளி இனம் அல்ல. மலையாளத்தில் சிறு பறவை எதையும் கிளி என்று சொல்லும் வழக்கத்தில் வந்த பெயர். அதன் கதையைப் புரிந்துகொள்ள மலைகளைப் பார்த்தால் மட்டும் போதாது, மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அதன் தோற்றம். நீளம் சுமார் 15 செ.மீ.; சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, ஆனால் நிற்கும் விதம் வேறு. நீண்டு மெலிந்த கால்களில் நிமிர்ந்து நிற்கும். இறக்கை குட்டை, வால் குட்டை. தலை, முதுகு, மார்பு எல்லாம் பலகைக்கல் போன்ற மங்கிய நீலம். அலகுக்கும் கண்ணுக்கும் இடையில் கருமை. வயிற்றின் நடுவே வெள்ளை. அந்த வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே, விலாவின் இருபக்கமும், செங்கல் பொடியைத் தடவியது மாதிரி ஒரு துருச்சிவப்பு. இந்தத் துருச்சிவப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதில் திரும்பப்போகிறது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே. இந்த வகைப் பறவைகளில் எது ஆண், எது பெண் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வாளர்கள் ஒரு துளி இரத்தம் எடுத்து மரபணுவைப் பார்க்க வேண்டியிருந்தது.

பறவைகளின் நீலம் ஒரு விந்தையான நிறம். துருச்சிவப்பும் கருப்பும் மெலனின் என்ற நிறமியால் வருபவை. இறகுக்குள் உண்மையிலேயே அந்தச் சாயம் இருக்கிறது. நீலத்துக்கோ இறகுக்குள் சாயமே இல்லை. இறகின் கிளைகளுக்குள் கெரட்டினும் காற்றுக்குமிழ்களும் மிக நுணுக்கமான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளை ஒளி அதன்மேல் விழும்போது நீல அலைகள் மட்டும் ஒன்றுக்கொன்று வலுச்சேர்த்துத் திரும்பி வருகின்றன. அந்த அடுக்கை நசுக்கிப் பொடித்துவிட்டால் நீலம் காணாமல் போய்விடும், மிஞ்சுவது அழுக்கு நிறத் தூள்தான். ஆகவே இந்தக் குருவியின் நீலம் வெளிச்சம் இருக்கும்வரைதான் நீலம். அது வாழும் இடத்திலோ வெளிச்சம் மிகக் குறைவு. சோலைக்குள் அது கிட்டத்தட்டக் கருப்பாகத் தெரியும். இலைக்கூரையின் கிழிசல் வழியாக ஒரு கீற்று வெயில் விழுந்த இடத்தில் அது தத்தி வந்து நின்றால் மட்டும், ஒரு கணம், நீலம் எழும்பும்.

சோலை என்பதை நம் சினிமாப் பாட்டுச் சோலையாக எண்ணிவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரமான பகுதிகளில், இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில், ஓடை பிறக்கும் இடத்தில் பதுங்கியிருக்கும் குட்டையான மழைக்காடு அது. வெளியே இருந்து பார்த்தால் மரத்தலைகள் ஒரே மட்டத்தில் நெருக்கமாகத் தெரியும். உள்ளே போனால் நாவல் இனங்கள், இலவங்க இனங்கள், காட்டுச் செண்பகம். தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு, பாசியும் பெரணியும் மர ஆர்க்கிட்டும் போர்த்திக்கொண்டு நிற்கும். கீழே குறிஞ்சியின் உறவான புதர்ச்செடிகள் அடர்ந்திருக்கும். தரையில் மக்கிய இலை, கால் அழுந்தும் ஈரம். தென்மேற்குப் பருவமழை காலத்தில் நாட்கணக்காக மேகமே காட்டுக்குள் நடமாடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். புதுச்சேரியில் மே மாதத்தில் நாம் வெந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் அங்கே போர்வை வேண்டும்.

நீலகிரி சோலைக்கிளி பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேலே, இந்தச் சோலைகளின் அடித்தளத்தில் வாழ்கிறது. மரத்தின் உச்சி அதற்குத் தேவையில்லை. தரையிலும், தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்துப் புதரிலும்தான் அதன் குடித்தனம். மக்கிய இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திப் போகும், நிற்கும், ஒரு பூச்சியைக் கொத்தும், மறுபடி தத்தும். சில பழங்களும் தின்னும். ஓடைக்கரையின் மண்சரிவில் இருக்கும் பொந்து, மரத்தண்டில் இருக்கும் குழி, இப்படி எங்காவது பாசியும் வேர்நாரும் வைத்துக் கூடு கட்டி, வழக்கமாக 2 முட்டை இடும். கோடை மழை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்கள் அதற்கான பருவம். காலையிலும், இருட்டுவதற்குச் சற்று முன்னும்தான் அதிகம் நடமாட்டம்.

சோலைக்கு வெளியே ஒரு காலடி வைத்தால் புல்வெளி. மரத்துக்கும் புல்லுக்கும் நடுவே இடைநிலை என்று எதுவும் இல்லை. ரோடோடென்ட்ரான் மரங்கள் சில ஓரத்தில் நிற்கும், அவ்வளவுதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி விழுந்து, அங்கே முளைக்கத் துணிந்த சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். இலைக்கூரைக்குக் கீழே அந்தக் குளிர் இறங்காது. அதனால் காடு மடிப்பிலேயே நிற்கிறது, புல் முதுகெல்லாம் பரவுகிறது. சோலைக்கிளிக்குக் காடு முடியும் இடமே உலகம் முடியும் இடம். குட்டை இறக்கையை வைத்துக்கொண்டு அது புதர்விட்டுப் புதர் தாவும். வெட்டவெளியில், வெயிலில், பருந்தின் பார்வைக்குக் கீழே நீண்ட தூரம் பறக்காது. கீழே சமவெளிக்கு இறங்குவது என்பதை அதன் உடம்பு ஏற்கவே ஏற்காது. உயிரியலாளர்கள் இந்த மலைத்தலைகளுக்கு வானத்தீவுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் பதில் சுற்றிலும் சமவெளியின் வெக்கை.

இதில் ஆச்சரியமான ஒரு ஒப்பீடு இருக்கிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சின்னஞ்சிறு பறவை, சோலைக்கிளியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், எடையில் அதைவிட லேசானது. கோடையைக் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் கழித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியா முழுவதையும் கடந்து நீலகிரிக்கும், கடலையும் தாண்டி இலங்கையின் நுவரெலியாவுக்கும் வந்து சேர்கிறது. நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில் அதைப் பார்க்கவே பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். ஒரே குடும்பத்தில் ஒன்று ஆண்டுக்கு இருமுறை துணைக்கண்டத்தையே தாண்டுகிறது. இன்னொன்றுக்கு ஒரு பள்ளத்தாக்கைத் தாண்ட முடியவில்லை. அந்த முடியாமைதான் சோலைக்கிளியை சோலைக்கிளி ஆக்கியது.

புதுச்சேரியிலிருந்து மங்களூருக்குப் போகும் ரயிலில் ஏறிய நெல்லித்தோப்புக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கோவையைத் தாண்டியதும் வண்டி மலை ஏறாமலேயே கேரளத்துக்குள் போய்விடும். வலப்பக்கம் நீலகிரித் தொடர், இடப்பக்கம் ஆனைமலைத் தொடர், நடுவே காற்று வீசும் தட்டையான நிலம். இதுதான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் 30 முதல் 40 கி.மீ.; உயரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. குஜராத் எல்லை தொட்டுக் கன்னியாகுமரி வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய உடைப்பு வேறு இல்லை. ரயிலுக்கு இது சிறு ஓட்டம். சோலைக்கிளிக்குப் பல இலட்சம் ஆண்டுகளாகத் தாண்டப்படாத எல்லை.

கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனிமலை என்று மறுபடியும் உயரம் எழும்புகிறது. மறுபடியும் சோலை, மறுபடியும் ஒரு நீலக்குருவி. அதே கால்கள், அதே தத்தல், அதே வெள்ளை வயிறு. ஆனால் விலாவைப் பாருங்கள்: துருச்சிவப்பு இல்லை. அங்கே சாம்பல் கலந்த நீலம் இருக்கிறது. உடல் நீலமும் இன்னும் ஆழ்ந்து, நெற்றியில் வெளிர்நீலப் பட்டை தெளிவாகத் தெரிகிறது. இது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் பாம்பே சோலையில் பொறுமையாக நின்றால் கண்ணில் படக்கூடியது. இன்னும் தெற்கே தென்காசிக்கும் புனலூருக்கும் இடையே செங்கோட்டைக் கணவாய். பாலக்காட்டோடு பார்த்தால் இது மிகக் குறுகலானது, பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. அதையும் இந்தக் குருவி தாண்டவில்லை. அதற்கப்பால் அகத்தியமலைப் பகுதியில் இருப்பது மூன்றாவது இனம், அசம்புச் சோலைக்கிளி. பார்வைக்கு வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு மிக நெருக்கமானது. அதைத் தனி இனம் என்று அறிவியல் பெயர் சூட்டி அறிவித்ததே 2017இல்தான்.

அந்த 2017ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வி. வி. ராபின், சி. கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் அடங்கிய குழு செய்தது. சோலைதோறும் மெல்லிய வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, அளந்து, துளி இரத்தம் எடுத்து விட்டுவிடுவார்கள். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பாடம் செய்த பறவைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவரை இந்தக் குருவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விஞ்ஞானிகள் ஒன்றரை நூற்றாண்டாக இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். குட்டை இறக்கையைப் பார்த்து இமயமலையின் குறுஇறக்கைக் குருவிகளோடு சேர்த்தார்கள். பிறகு நீல ராபின்களோடு வைத்தார்கள். மரபணு வேறு ஒன்றைச் சொன்னது. இதன் நெருங்கிய உறவுகள் மரக்கிளையில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்கள். அந்த வம்சத்தில் ஒரு கிளை எப்போதோ தென்னிந்திய மலைக்கு வந்து, கிளையை விட்டுத் தரைக்கு இறங்கி, கால் நீண்டு, ராபினைப் போன்ற தோற்றத்துக்கு வந்துவிட்டது. ஒரே வகைத் தொழில் செய்பவை ஒரே வகை உடம்புக்கு வந்து சேர்வது பரிணாமத்தில் அடிக்கடி நடப்பது. ஒன்றரை நூற்றாண்டு நிபுணர்களை அது ஏமாற்றியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது. வேறெந்தக் குழுவிலும் அடங்காததால் இவற்றுக்கென்றே புதிய பேரினம் அமைத்தார்கள். சோலிகோலா, அதாவது சோலைவாசி.

அதே கட்டுரையில் இன்னொரு பறவைக் குழுவுக்கும் இதே கதை வெளிப்பட்டது. சிரிப்பான்கள். கூட்டமாகச் சேர்ந்து உரக்கச் சிரிப்பதைப் போலக் கத்தும், சோலை ஓரத்தில் திரியும் பறவைகள். பாணாசுரமலையில் ஒன்று, நீலகிரியில் ஒன்று, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பழனி–ஆனைமலையில் ஒன்று, செங்கோட்டையைத் தாண்டி அசம்புமலையில் ஒன்று. இரண்டு பறவைக் குழுக்களும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. உணவும் குணமும் வேறு. ஆனால் இரண்டையும் அதே கணவாய்கள்தான் வெட்டியிருக்கின்றன.

இந்தக் கதைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தொடர்பு அதிகம் பேசப்படாதது. அதோல்ஃப் தெலெசேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834 முதல் 1839 வரை இந்தியாவில் சுற்றிப் பறவைகளும் விலங்குகளும் சேகரித்தார். புதுச்சேரியில் தங்கியவர், நீலகிரிக்கும் போனவர். பயண நூல் 1843இல் பாரிசில் அச்சானது. அதே காலத்தில் மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் தென்னிந்தியப் பறவைகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தார். நீலகிரி சிரிப்பானை 1839இலும், நீலகிரி சோலைக்கிளியை அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் முதன்முதலாக விவரித்தவர் அவரே. அதே 1839இல் அவர் விவரித்த இன்னொரு பறவைக்கு, வயநாட்டுச் சிரிப்பானுக்கு, தெலெசேரின் பெயரைச் சூட்டினார். இன்றைக்கும் அதன் அறிவியல் பெயரில் அவர் இருக்கிறார். இந்த வயநாட்டுச் சிரிப்பான் மலைச்சரிவின் தாழ்ந்த மழைக்காடுகளில் வாழ்வது. பாலக்காட்டுக் கணவாயின் இரு புறமும் அதே இனம்தான் இருக்கிறது. சிகரத்தில் ஒதுங்கியவை பிரிந்து போயிருக்க, சரிவில் வாழ்வது பிரியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நெல்லித்தோப்பிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது தாவரவியல் பூங்கா. அதைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த சாமுவேல் பெரோத்தே, அதற்குமுன் நீலகிரியில் அலைந்து செடிகள் சேகரித்தவர். 1870இல் புதுச்சேரியிலேயே இறந்தார். பிறகு, பிரெஞ்சு ஆட்சி கைமாறிய சில மாதங்களில், 1955இல், செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கியது. அங்கே சமஸ்கிருத, சைவ ஆகமச் சுவடிகள் இருப்பது பலருக்குத் தெரியும். தென்னிந்தியக் காடுகளின் வரைபடங்களை வரைந்ததும் அந்தக் கட்டடம்தான். ழான்-பியர் பாஸ்கல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளைப் பற்றி எழுதி 1988இல் அங்கிருந்து வெளியான நூல், எந்த உயரத்தில், எத்தனை மாத வறட்சியில், எந்த மரக்கூட்டம் நிற்கும் என்பதை வகைப்படுத்தியது. சோலைக்கிளியின் வீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிய அந்த வரைபடங்கள் இல்லாமல் முடியாது.

அந்த நிறுவனத்தின் மகரந்த ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர் கணபதி தணிகைமணி. உலகம் அறிந்த மகரந்த இயலாளர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் இருந்து உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். நம் ஊரில் அவர் பெயரை இன்னும் பலர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. மகரந்தம் ஏன் முக்கியம் என்றால், அதன் ஓடு சதுப்புச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டு அழியாமல் கிடக்கும். நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் படிந்த சேற்றை அடுக்கு அடுக்காக எடுத்து, அதில் இருந்த மகரந்தத்தை எண்ணினார் இதே நிறுவனத்தின் ஜி. வசந்தி. 1993இல் இராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் நீலகிரிச் சதுப்பின் கரியை வேறு வழியில் படித்தார்கள். வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுக்கும் முறை வேறு; அதனால் அவை மக்கும்போது விட்டுச்செல்லும் கரியின் எடைக்கலவையும் வேறு. அதை அளந்து பார்த்தால், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு நீலகிரியில் புல்லே ஓங்கியிருந்தது. பின்னர் மழை வலுத்தபோது காடு விரிந்திருக்கிறது, வறண்டபோது சுருங்கியிருக்கிறது. ஆகவே புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்ததல்ல. தோடர்களின் எருமைக்கும் முன்னால் அது அங்கே இருந்தது. சோலைக்கிளி இந்த விரிவுக்கும் சுருக்கத்துக்கும் ஈடுகொடுத்துத் தப்பி வந்த பறவை.

இது தெரியாமல்தான் பெரிய கேடு நடந்தது. வெள்ளைக்காரர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும், புல்வெளியைச் சும்மா கிடக்கும் தரிசு என்று கணக்கெழுதி, ஆஸ்திரேலியச் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் பைன் மரத்தையும் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயான் ஆலைக்கு மரம் வேண்டும் என்று தோட்டங்கள் பெருகின. தேயிலை ஒருபக்கம், மலைக்காய்கறி ஒருபக்கம். பழனிமலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் காட்டியது. சீகை, நட்ட இடத்தில் நிற்பதில்லை. விதை புல்லுக்குள் உருண்டு தானாகப் பரவுகிறது. சோலைகளும் தப்பவில்லை. முன்பு ஓடையோரமாகத் தொட்டுத்தொட்டுப் போன சோலைகளுக்கு நடுவே இப்போது தேயிலையும் சாலையும் ஊரும். கணவாய் எதுவும் இல்லாத இடத்தில் மனிதன் கணவாய் வெட்டியிருக்கிறான்.

அந்தப் புதிய கணவாய்களும் குருவியைப் பிரிக்கின்றனவா? இந்தக் கேள்விக்கான விடையைப் பாட்டில் தேடினார்கள். பாடும் பறவைகளுக்குக் குரல்வளை நம்மைப்போலத் தொண்டையின் மேலே இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் கவையில், அடியில் இருக்கிறது. பிரியும் இரண்டு குழலிலும் தனித்தனியாக அதிரும் சவ்வு உண்டு. ஆகவே ஒரு குருவி ஒரே நேரத்தில் இரண்டு சுருதி பிடிக்க முடியும். இடக்குழலில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் வலக்குழலுக்கு மாற்றவும் முடியும். சோலைக்கிளியின் பாட்டில் மெல்லிய சீட்டியும், கம்பி அதிர்வது போன்ற கரகரப்பும் மாறிமாறி வருவது இப்படித்தான். இந்தக் குடும்பப் பறவைகள் பாட்டைப் பிறவியிலேயே முழுதாகக் கொண்டு வருவதில்லை. குஞ்சு வளரும்போது அக்கம்பக்கத்துப் பெரியவை பாடுவதைக் கேட்டுத்தான் கற்கும். எனவே ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் போக்குவரத்து நின்றுவிட்டால், மரபணு மாறப் பல தலைமுறை ஆகும் என்றாலும், பாட்டு அதற்கு முன்பே திசைமாறலாம்.

சேதனா புருஷோத்தமும் ராபினும் 6 இடங்களில் வாழும் சோலைக்கிளிகளில் 38 பறவைகளின் 835 பாட்டுகளைப் பதிவுசெய்து அலசி 2016இல் வெளியிட்டார்கள். பாட்டின் சுருதி, நீளம், வரிசை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் மூன்று பெரும் கூட்டங்கள் பிரிந்து நின்றன. அடுத்து அவர்கள் கண்டதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. குரல்வளையின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் நுணுக்கமான உத்திகள் இருக்கின்றனவே, அவை பழைய கணவாய் பிரித்த கூட்டங்களுக்கு இடையில் மட்டுமல்ல, அண்மைக் காடழிப்பு பிரித்த கூட்டங்களுக்கு இடையிலும் வேறுபட்டன. மரபணுவில் பிரித்தறிய முடியாத கூட்டங்களைக்கூடப் பாட்டின் இந்த உத்தி காட்டிக்கொடுக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. பூமி இலட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்த வேலையை நாம் ஒன்றிரண்டு மனித ஆயுளில் தொடங்கி வைத்துவிட்டோம். ஒரு வேறுபாடு உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் இரு கரையிலும் பெரிய காடு இருந்தது, பெரிய கூட்டம் இருந்தது. பிரிந்தாலும் பிழைத்தன, புது இனமாகவும் ஆயின. இன்றைக்குத் தேயிலைக்கு நடுவே மிஞ்சிய ஒரு துண்டுச் சோலையில் சில சோடிகள் மட்டும் அடைபட்டால் அவை புது இனமாக வளர நேரம் இருக்காது.

வெப்பம் ஏறுவது அடுத்த கவலை. சமவெளிப் பறவைக்கு வெயில் பொறுக்கவில்லை என்றால் மலை ஏறலாம். மலைத்தலையில் இருப்பது எங்கே ஏறும்? நீலகிரி சோலைக்கிளி அழிவாபத்தில் உள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் இருக்கிறது.

நல்ல செய்திகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமல்ல. கோத்தகிரிக்கு அருகே லாங்வுட் சோலை ஊருக்கும் தேயிலைக்கும் நடுவே 116 ஹெக்டேரில் பிழைத்து நிற்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களுக்குக் குடிநீர் கொடுப்பது அதன் ஓடைகள் என்பதால் ஊர்க்காரர்களே காவலுக்கு நின்றார்கள். 2024இல் அதற்கு ராம்சர் தளம் என்ற, ஈரநிலங்களுக்கான பன்னாட்டு மதிப்பு கிடைத்தது. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வட்டக்கானலில் தன்னார்வலர்கள் சோலை மரக்கன்றுகளைப் பண்ணையில் வளர்த்து நட்டார்கள். சீகைத் தோப்பின் நிழலில் உறைபனி விழாததால் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதையும் பழனிமலையில் பார்க்க முடிகிறது. சீகையை எங்கே வெட்டுவது, எங்கே அதன் நிழலிலேயே சோலையை வளரவிடுவது என்பது இடத்துக்கு இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது. ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீலகிரிச் சோலைகளின் தண்ணீர் பவானிக்கும், பவானி காவிரிக்கும் போகிறது. காவிரியின் கடைமடையில் நம் காரைக்கால் வயல்கள் இருக்கின்றன.

அடுத்த கோடையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். படகுத்துறையில் கூட்டம் சேரும் முன்பே, விடிந்த கையோடு, ஓடை சாலையைக் கடக்கும் ஏதாவது ஒரு சோலை ஓரத்துக்குப் போய் நில்லுங்கள். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் இந்தக் குருவியைக் கேட்க உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லை. பளிச்சென்ற உடை வேண்டாம். அரை மணி நேரம் அசையாமல் நின்றால், தரையை ஒட்டிய புதருக்குள்ளிருந்து, உயர்ந்த சுருதியில், இழுத்து இழுத்து விட்டுவிட்டு வரும் சீட்டி கேட்கும். நீலகிரி என்றால் விலாவில் துருச்சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள், கொடைக்கானல் என்றால் இல்லாததைப் பாருங்கள். கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டு வெளியே இழுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று நம்பி அது கூட்டை விட்டுச் சண்டைக்கு வரும். ஏப்ரல், மே மாதங்களில் அந்த நேரத்துக்கு முட்டையோ குஞ்சோ காவலின்றிக் கிடக்கும்.